நாலாவது ஆல்பம் ஏன் கெட்டது

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குகிற பழக்கம் கிடையாது. சேர்ந்து பாட்டுக் கேட்கிற உங்கள் கூட்டத்தில் நான் வந்து ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. இந்தக் கடிதத்தை வாத்தியார் படித்துக் காட்டட்டும். கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய குரல், கடைசி பெஞ்சு வரை கேட்கும். மெக்கானிக் நடுவில் குறுக்கே பேசக் கூடாது. ஆல்பம் கேட்கும்போது நாம் வைத்திருக்கும் விதிதான் இதற்கும்: முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

‘ஈரச்சுவர்’ இசைக்குழு எந்த ஆல்பத்திலிருந்து கெட்டுப்போனது என்று இரண்டு வருஷத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொள்கிறோம். இரண்டாவது ஆல்பத்தில் கீபோர்டு வந்த அன்றைக்கே கதை முடிந்தது என்பது மெக்கானிக்கின் கட்சி. மூன்றாவதில் முதல் ஐந்து பாட்டு வரை சரி, அப்புறம் சறுக்கல் என்று வாத்தியார் பாதி மார்க் போடுவார். தையல்கடை சின்னம்மா, “அவங்க அப்படியேதான் இருக்காங்க, நமக்குத்தான் வயசாயிடுச்சு” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விடுவார். நான் நாலாவது என்றேன். சொன்னதோடு விடாமல், வாரா வாரம் அதற்காக வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டேன்.

போன வாரம் வாத்தியார் போர்டில் நாலு ஆல்பத்தின் பெயரையும் எழுதி, சாக்பீஸை என் கையில் கொடுத்தார். “இன்னிக்கு ஒரு முடிவு கட்டிடுவோம். காதக்கா, காது விஷயம் உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே ஆரம்பிங்க” என்றார். வயிற்றுவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வயிற்றுவலி இல்லை.

நீங்கள் கேலியாகக் காதக்கா என்று கூப்பிட்டாலும், என் வேலை என்ன என்று யாரும் நின்று கேட்டதில்லை. நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த ஒரு சின்ன அறை இருக்கிறது. அதற்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். நான் அனுப்பும் சத்தம் கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு மெல்லிய சத்தம்வரை கேட்கிறது என்று பார்த்து, ஒரு தாளில் குறி போடுவேன். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. குறிகள் மேலே இருந்தால் காது நன்றாக இருக்கிறது. கீழே இறங்க இறங்க, கேட்கவில்லை என்று அர்த்தம். நான் போட்ட குறியைப் பார்த்துத்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார். அவர் என்னைச் சந்தேகப்பட்டதே இல்லை. பதினொரு வருஷத்தில் சந்தேகப்படும்படி நான் நடந்ததும் இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

மூன்றாவது ஆல்பம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பத்தரை மணி இருக்கும். சீட்டைப் பார்க்காமலே ஆளைத் தெரிந்துவிட்டது. ‘ஈரச்சுவர்’ பாட்டுக்காரர். பாடுவது மட்டுமில்லை, எல்லா வாத்தியத்தையும் கலந்து ஆல்பத்துக்குக் கடைசி வடிவம் கொடுப்பதும் அவர்தான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ரசிகை என்று காட்டிக்கொள்ளவில்லை. வேலை நேரத்தில் அது மரியாதை இல்லை.

சிலர் திருட்டுத்தனம் செய்வார்கள். கண்ணாடி வழியாக என் கை அசைவதைப் பார்த்து, சத்தம் கேட்காமலே பொத்தானை அழுத்துவார்கள். அவர் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிவரை திறக்கவே இல்லை.

கீழ்ச்சத்தங்கள் எல்லாம் அருமையாகக் கேட்டன. விசில் மாதிரியான மேல்சத்தங்களுக்குப் போனபோது பொத்தான் அழுத்தப்படவில்லை. கூட்டினேன். இல்லை. இன்னும் கூட்டினேன், அப்போதுதான் அழுத்தினார். இரண்டு காதிலும் அப்படியே. மூன்று வட்டமும் மூன்று பெருக்கல் குறியும் குழியில் விழுந்த மாதிரி கீழே போய் நின்றன. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு வருகிற சேதம் அது. போனது போனதுதான். ஆனால் அன்றைக்கே இரைச்சலை நிறுத்தினால், மிச்சம் இருப்பது பிழைத்துக்கொள்ளும்.

வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். “இருக்கறதை அப்படியே சொல்லிடுங்க மேடம்” என்றார். “அடுத்த ஆல்பம் பாதி முடிஞ்சிருக்கு. காதுல ஏதாவது இருந்தா இத்தோட மூட்டை கட்டிடலாம்னு வீட்ல பேசிட்டுத்தான் வந்திருக்கேன். பாப்பாவுக்கு ரெண்டு வயசு. இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கா.”

மேலாளர் கூப்பிடுகிறார், இரண்டு நிமிஷம் என்று சொல்லி, பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே மேலாளர் இல்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்தேன். ஆறு குறிகளையும் மேலே ஏற்றிப் போட்டேன். வட்டங்கள் சுத்தமாக விழுந்தன.

“எல்லாம் நல்லா இருக்கு” என்றேன். “தூக்கம் கெட்டா சில சமயம் காது அடைச்ச மாதிரி இருக்கும்.”

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரியே எனக்கு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

நான் யோசிக்காமல் செய்யவில்லை. நன்றாக யோசித்தேன். ஒரே ஒரு ஆல்பம்தான். ஆறு மாதத்தில் முடிந்துவிடும். அப்புறம் நானே போன் செய்து, வழக்கமான மறுசோதனை என்று கூப்பிட்டு, உண்மையைச் சொல்லிவிடலாம். அதற்குள் என்ன குடிமுழுகிவிடப் போகிறது? அந்த மூன்றாவது ஆல்பம் என்னை எந்தக் காலத்தில் தூக்கி நிறுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்தது வராமலே போவதா? என்னைப் போல எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? உங்களையும் சேர்த்துத்தான் நினைத்தேன். காலண்டரில் ஆறாவது மாதத்தில் ஒரு தேதியைச் சுழித்து வைத்தேன். அந்தத் தேதி வந்தது. அன்றைக்குக் கூட்டம் அதிகம், மூச்சுவிட நேரமில்லை. மறுநாள் கூட்டம் இல்லை. மறுநாளும் நான் கூப்பிடவில்லை.

பிறகு ஆல்பம் வந்தது. வாத்தியாரின் டியூஷன் அறை, மெக்கானிக் தூக்கி வந்த பெரிய ஸ்பீக்கர்கள், சின்னம்மா கத்தரித்துக் கொடுத்த வெள்ளைத் தாள்கள். ஒன்பது பாட்டையும் பேசாமல் கேட்டுவிட்டு, ஆளுக்கொரு சீட்டில் மார்க் எழுதிப் போட்டோம். பத்துக்கு இரண்டு போட்டது நான்தான். கீழே ஒரு வரியும் எழுதினேன்: ‘காது செத்தவன் கலந்த மாதிரி இருக்கிறது.’

வாத்தியார் அதைப் படித்ததும் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். மெக்கானிக் அதை ‘ஈரச்சுவர்’ குழுவின் இணையப் பக்கத்தில் கமெண்டாகப் போட்டார். ஆயிரம் பேர் எடுத்துப் போட்டார்கள். மெக்கானிக் மேல் தப்பில்லை. அவருக்கு அது வெறும் ஜோக். மேல்சத்தம் கேட்காத மனிதர், தனக்குக் கேட்கும்வரை அதைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அதனால்தான் நம் காதில் குத்துகிறது. இதைத் தெரிந்து எழுதியவள் நான் ஒருத்திதான்.

போன மாதம் பாட்டுக்காரர் மறுபடியும் வந்தார். இந்த முறை மனைவி கூட வந்திருந்தார். நான் பேசியதை மனைவி திருப்பிச் சொன்ன பிறகுதான் அவருக்குப் பாதி புரிந்தது. சோதித்தேன். குறிகள் தாளின் அடியில் கிடந்தன. அவர் போனை எடுத்து அந்தக் கமெண்டைக் காட்டினார். எத்தனையோ தடவை காட்டிப் பழகியவர்போல, தேடாமலே எடுத்தார்.

“இதைப் பார்த்தப்பவே குழுவில இருந்த தம்பி, ‘அண்ணே, ஒரு தடவை காதைக் காட்டிடுங்க’ன்னான். நான் உங்க ரிப்போர்ட்டை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன் மேடம். எவனோ வயித்தெரிச்சல்ல எழுதறான், விடுடான்னுட்டேன்.” சிரித்தார். “இப்ப பாப்பாவுக்கு அஞ்சு வயசு. காதுல வந்து ரகசியம் சொல்லுவா. மூச்சு மட்டும் படுது. என்ன சொல்றான்னு தெரியல. சும்மா தலையாட்டி வைக்கறேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “சில பேருக்கு வைரஸ் காய்ச்சல் வந்து போனா திடீர்னு இப்படி ஆகும்” என்றேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க அன்னிக்கே நல்லா பார்த்தீங்களே, இது எங்க தலையெழுத்து” என்றார். அந்தக் கையை உதறக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. அன்றிலிருந்து எனக்குக் கண்ணாடி பார்க்கக் கூசுகிறது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதுவது எத்தனை சுலபம்.

முதல் நாள் போட்ட உண்மையான தாளை நான் கிழிக்கவில்லை. ஏன் என்று தெரியாது. அதன் நகல் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. ஒரு நகலும் எல்லா விவரமும் பாட்டுக்காரர் வீட்டுக்கு இன்று காலை போயிருக்கும். மூலம் டாக்டர் மேசையில் இருக்கிறது. இனி நான் அந்த அறையில் உட்கார முடியாது. உட்காரவும் கூடாது. வாத்தியாரே, போர்டில் நாலாவதுக்கு நேராகக் கோடு போட்டு முடித்துவிடுங்கள். அதைக் கெடுத்தது நான்தான்.

இவ்வளவும் அந்த ஆல்பத்துக்காகச் செய்தேன் என்றுதான் மூன்று வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இசை மேல் இருந்த பிரியம், வேறொன்றுமில்லை என்று. நாலாவது ஆல்பம் கேட்ட அன்றைக்கு, இரண்டாவது பாட்டின் நடுவில், ஆஸ்பத்திரியிலிருந்து போன் என்று சொல்லி நான் வெளியே போனது நினைவிருக்கிறதா? போன் எதுவும் வரவில்லை. வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டு, நீங்கள் சீட்டு எழுதும்போது உள்ளே வந்து நானும் எழுதினேன். மீதி ஏழு பாட்டை நான் இன்றுவரை கேட்டதில்லை.