அண்ணன் எடுத்த படம்

ஹலோ... ஹலோ தம்பி, அண்ணி பேசறேன்... கடையிலதான். மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கற ரூம்ல நின்னு பேசறேன், மெஷின் சத்தம் கேக்குதா?... ஆமா, ஆமா, நீ நெட்ல போட்ட படத்தைப் பார்த்துட்டேன். அதுக்குத்தான் கூப்பிட்டேன்.

நீ சொல்லியா தெரிஞ்சுது? கூட வேலை பார்க்கற பொண்ணு போனை நீட்டி, "அக்கா, இது நீங்கதானே?"ன்னா. கைல இருந்த ஃப்ரேமைக் கீழ போட்டுட்டேன்...

இல்லப்பா, சந்தோஷத்துல இல்ல.

நாலாயிரம் பேருக்குப் பிடிச்சிருக்கா?... பிடிச்சிருக்கட்டும். அண்ணனோட கம்ப்யூட்டரை நான் எதுக்குக் குடுத்தேன்? வீட்டுப் பத்திரத்தோட நகலை எடுத்துத் தரச் சொல்லி. உள்ள இருக்கற படத்தை ஊருக்குக் காட்டச் சொன்னேனா?

தெரியும், தெரியும். அண்ணன்னா உனக்கு உசுரு. அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சே, அவர் எப்படிப் படம் எடுப்பார்னு நாலு பேர் பார்க்கட்டும்னு நினைச்சே. ஆனா ஒரு வார்த்தை கேட்டியா? படத்துல படுத்திருக்கறது நானாச்சே. கல்லா, மரமா?

அழகா இருக்கேனா!... போதும்ப்பா. "நிம்மதியான தூக்கம்"னு மேல எழுதி வேற வச்சிருக்கே...

ஏன்னு கேக்கறியா?

இரு, கதவைச் சாத்திட்டு வரேன்.

ம்... நான் கட்டிப் பிடிச்சிருக்கேனே ஒரு மஞ்சத் துண்டு, அது குழந்தைக்கு வாங்கினது... ஆமா. எங்க குழந்தைக்கு. முன்னாடி ரெண்டு தடவை தங்கல. இந்தத் தடவை ஆறு மாசம் தாண்டட்டும், அப்புறம் எல்லாருக்கும் சொல்லலாம்னு இருந்தோம். தாண்டல. ஆஸ்பத்திரிலேருந்து வெறுங்கையோட வந்த மறுநாள் காலைல எடுத்தது. நான் தூங்கல தம்பி, கண்ணைத்தான் மூடியிருந்தேன்... இல்ல, நான்தான் எடுக்கச் சொன்னேன். அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்ல எங்ககிட்ட வேற என்ன இருந்துச்சு?

தம்பி?... என்னப்பா, அழறியா?

உனக்கெப்படித் தெரியும்... சரி, சரி, அழாதே. படத்தை எடுத்துடு, போதும்... எடுத்துட்டியா?... சரி.

என்னது?... வேற ஒருத்தன் போட்டிருக்கானா?... தூக்க மாத்திரை விளம்பரத்துலயா! ஐயோ. யாரைக் கேட்டுப் போட்டான்? நீ யாரைக் கேட்டுப் போட்டியோ அதே மாதிரி... விடு, விடு. ஆத்திரத்துல வந்துடுச்சு.

புகார் அனுப்பினா எடுப்பாங்களா?... நீ அனுப்பினா செல்லாதா?... ஓ. எடுத்தவருக்குத்தான் உரிமை. அவர் இல்லேன்னா?... எனக்கா?... நல்லாப் பார்த்துச் சொல்லு... அப்ப என் பேர்லயே அனுப்பு. இப்பவே.

விவரம் எழுதணுமா?... அந்தக் கதையெல்லாம் அவங்களுக்கு எதுக்கு? நான் சொல்றதை அப்படியே எழுது. "இந்தப் படத்தை எடுத்தவர் என் கணவர். எனக்காக எடுத்தார். யாருக்கும் கொடுக்கவில்லை."... அவ்வளவுதான்... ஆமா, அனுப்பு...

போயிடுச்சா?... சரி.

சாயங்காலம் வீட்டுக்கா?... வேண்டாம் தம்பி... சத்தியமா உன் மேல கோவம் இல்ல. இத்தனை வருஷமா மனசுக்குள்ள வச்சிருந்ததைச் சொல்லியாச்சு. இன்னைக்கு என் மூஞ்சியை யாரும் பார்க்க வேண்டாம். நாளைக்கு வா... ம். வச்சிடறேன்.