ஓடையின் பெயர்

"அந்தத் தவளைய நான் கண்டுபிடிச்சே இருக்கக் கூடாதுடி."

கிண்டியில் மின்சார ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களில், மடியில் சேறு படிந்த பையை வைத்திருந்தவள் சொன்னாள்.

"ஏன்டி? புது இனம்னு பேப்பர்லகூட வந்துச்சே," என்றாள் தோழி.

"கட்டுரையில ஓடையோட பேரையும் எழுதிட்டேன். போட்டோ எடுக்க வந்தவங்க ஒரு கல்லு விடாம பொரட்டிப் போட்டுட்டாங்க. இந்த மழைக்கு அங்க ஒரு தவளைச் சத்தம்கூட இல்ல."

ரயில் அடையாற்றைக் கடந்தது.

"இப்ப வேற மலையில இன்னொரு புதுசு பாத்தேன். யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லலன்னா, அங்க ஒண்ணுமே இல்லன்னு ரோடு போட்டுடுவாங்களேடி."

"தெரியும்."

"எந்த மலைன்னு எனக்காவது சொல்லு."

மாம்பலம் வந்துவிட்டது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இறங்குடி, கூட்டம் ஏறிடும்."