முதல் மெத்தை

— அந்த முனையை இழுத்துப் பிடி. தொங்க விடாதே, தரையில படுது. ம்... இப்ப மடி. ஆங், நீ சொல்லு, என்னமோ வித்துச்சுன்னியே.

— அண்ணி, வந்ததுலேர்ந்து அதையேதான் சொல்லிட்டிருக்கேன். நீங்க போர்வையைத்தான் பார்க்கறீங்க, என்னை எங்க பார்த்தீங்க?

— உங்கம்மா ஈரம் பண்ணிட்டா போர்வை உனக்காகக் காத்திருக்காதுடி. கைதான் இங்க, காது உன்கிட்டதான் இருக்கு. சொல்லு.

— ஒண்ணு வித்திருச்சு! என் லிங்க் வழியா போயி யாரோ ஒரு மெத்தை வாங்கியிருக்காங்க. முதல் போணி, அண்ணி!

— போணி புரியுது. லிங்க்தான் புரியல. உங்கண்ணனும் சொல்லிப் பார்த்தாரு, மண்டையில ஏறல. நீ இப்ப கடை வச்சிருக்கியா, இல்லையா?

— கடை வேற யாரோடதோ. சரக்கும் அவங்களோடது. நான் அந்தப் பொருளைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா எழுதி, கீழ ஒரு லிங்க் குடுப்பேன். அதை அழுத்திப் போயி யாராவது வாங்கினா, கடைக்காரன் எனக்கு ஒரு பங்கு தருவான். அவ்வளவுதான்.

— தரகு.

— அண்ணி!

— தப்பா சொல்லலடி. வீட்டுத் தரகரு அந்த வீட்டையாவது ஒரு தடவை போய்ப் பார்த்திருப்பாரு. நீ மெத்தையைப் பார்த்தியா?

— போட்டோ பார்த்தேன்.

— என்னமோ போ. இந்தா, தலையணை உறை. உள்பக்கம் வெளிய இருக்கு, திருப்பிப் போடு.

— சிரிக்காதீங்க. ஆபீசை இழுத்து மூடினப்புறம் நான் எத்தனை வாசல் ஏறி இறங்கியிருப்பேன்! போற இடமெல்லாம் 'சொல்லி அனுப்பறோம்'னாங்க. ஒருத்தனும் சொல்லி அனுப்பல. அப்புறம்தான் இந்த ஆன்லைன் வகுப்புல சேர்ந்தேன். முதல்ல ஹெட்போன் பத்தி எழுதினேன். ஜூஸ் மெஷின் பத்தி எழுதினேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல. 'ஊர்ல எல்லாரும் எழுதறதையே நீயும் எழுதினா எவன் படிப்பான்? போட்டி கம்மியா இருக்கற பொருளா ஒண்ணைப் பிடி'ன்னாரு வகுப்பு எடுக்கற சார். யோசிச்சுப் பார்த்தேன். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குப் போடற காத்து மெத்தை. மோட்டார் வச்சு வரிசை வரிசையா காத்து ஏறும், இறங்கும். ஒரே இடத்துல அழுந்தாது, முதுகுல புண்ணு வராது. இதைப் பத்தி நம்ம பாஷையில எழுத ஆளே இல்ல.

— படுத்த படுக்கைன்னதும்தான் நம்ம வீட்டுலயும் ஒருத்தங்க இருக்காங்கன்னு நெனப்பு வந்துச்சாக்கும்.

— குத்திக் காட்டாதீங்க அண்ணி.

— குத்தறதுக்கெல்லாம் தெம்பு இல்ல. கை ஓஞ்சு போச்சு, வாய் அதுபாட்டுக்கு ஓடுது. என்ன எழுதினே, படிச்சுக் காட்டு.

— வேணாம். கிண்டல் பண்ணுவீங்க.

— உங்கம்மாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் போடற நேரம் போக மிச்சத்துலதான் நான் கிண்டலே பண்ணணும். படி.

— 'எங்க அம்மா கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுக்கையில இருக்காங்க. பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறது நான்தான்.'

— ம்.

— 'எத்தனையோ மெத்தை மாத்திப் பார்த்தேன், எதுவும் சரிப்படல. கடைசியில இதை என் கையாலயே வாங்கிப் போட்டேன். அன்னிக்குத்தான் அம்மா நிம்மதியா கண்ணை மூடித் தூங்கினாங்க.' அவ்வளவுதான். ஏதாவது சொல்லுங்களேன்.

— நல்லா எழுதியிருக்கே. எனக்கே ஏக்கமாப் போச்சு. இப்படி ஒருத்தி கூட இருந்தா எவ்வளவு ஒத்தாசையா இருக்கும்னு.

— சொந்த அனுபவம் மாதிரி எழுதினாத்தான் நம்புவாங்கன்னு சார் சொன்னாரு. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. நான் என்ன ஊரைக் கொள்ளையா அடிச்சுட்டேன்?

— நான் ஒண்ணும் சொல்லலையே.

— சொல்லாமலே சொல்றீங்க. வரலை வரலைன்னு நெனப்பீங்க. எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஒவ்வொரு தடவையும் கிளம்புவேன், செருப்பைக்கூட மாட்டிருவேன். அம்மாவுக்கு எதையாவது வாங்கிட்டுப் போகணுமேன்னு தோணும். வெறுங்கையோட வந்து கட்டில் ஓரத்துல உட்கார வெக்கமா இருந்துச்சு. திரும்பப் போய்ப் படுத்துக்குவேன்.

— அட போடி. இங்க வெறுங்கைதான் வேணும். அவங்களைத் திருப்ப என் ரெண்டு கை பத்தல.

— இனிமே வருவேன் அண்ணி. இது ஒண்ணு மட்டும் தேறட்டும். காசு இன்னும் கைக்கு வரல. வாங்கினவங்க பிடிக்கலைன்னா திருப்பி அனுப்ப ஒரு கெடு இருக்கு. அதுக்குள்ள அனுப்பிட்டாங்கன்னா என் பங்கும் போச்சு. யாரு பெத்த புள்ளையோ, எந்த வீட்டு நோயாளியோ, கெடு முடியற வரைக்கும் அசையாம அதுலயே படுத்திருக்கணும்.

— படுத்திருப்பாங்க. கவலைப்படாதே.

— உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். இதுல வயித்தெரிச்சல் புடிச்சவன் எவனோ கீழ வந்து எழுதி வச்சிருக்கான். பேரு 'உண்மைவிளம்பி'யாம், மூஞ்சியைப் பாரு! 'இடுப்புகிட்ட ஒரு வரிசையில காத்தே ஏறல. எலும்பு கட்டில் பலகையில இடிக்குது. முதுகு செவந்து போச்சு. தயவுசெஞ்சு யாரும் வாங்காதீங்க.' எனக்குப் போட்டியா எழுதறவனாத்தான் இருக்கும்.

— போட்டியே இல்லாத பொருள்னு இப்பத்தானே சொன்னே.

— அழிச்சுடலாம்னு இருக்கேன். சாரும் அதைத்தான் சொல்றாரு. 'அதை அழிச்சுட்டு, நம்பற மாதிரி ஒரு போட்டோ போடு'ன்னு.

— அழிக்காதே.

— ஏன்?

— அதை எழுதினது நான்தான்.

— அண்ணி?

— பேரு மட்டும் உங்கண்ணன் வச்சது. எனக்கு வேற ஒண்ணும் தோணல.

— என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட இத்தனை நாள் காத்திருந்தீங்களா? நான் வரலைங்கற கோவம்னா கூப்பிட்டுத் திட்டியிருக்கலாமே, நாலு அறைகூட அறைஞ்சிருக்கலாம். இருக்கறது ஒரே ஒரு மெத்தை அண்ணி. ஒரே ஒரு மெத்தை.

— கத்தாதே, உள்ள காது கேக்குது. கோவப்படறதுக்கும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கணும். அது என்கிட்ட இல்ல. உன்கிட்ட வாயைத் திறக்கக்கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. ஊர்ல இன்னொருத்தரு முதுகும் இப்படி ஆயிடக்கூடாதேன்னுதான் அங்க போய் எழுதினேன்.

— யாரு சத்தியம் வாங்கினது? யாரு முதுகு?

— நீ இன்னிக்கு எதுக்கு வந்தே? அதைச் சொல்லு முதல்ல.

— அம்மாவைப் பார்க்கத்தான். ... சரி, போட்டோவுக்கும்தான். அம்மா கட்டில்ல படுத்திருக்கற மாதிரி ஒண்ணு. பழைய மெத்தை தெரியாம போர்வையை இழுத்து மூடிட்டு எடுத்துக்கலாம்னு நெனச்சேன்.

— மூடவே வேணாம். உள்ள போ. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. நானும் வர்றேன், திருப்பிப் போடற நேரமாச்சு.

— யாரு, பாப்பாவா? உன் குரலு மாதிரி கேட்டுச்சேன்னு பார்த்தேன். வாடி, இப்படி வெளிச்சத்துல வா.

— அம்மா. எப்படிம்மா இருக்கே?

— எனக்கென்ன கேடு? ராணி மாதிரி படுத்திருக்கேன். உங்கண்ணி உருட்டி விடறா, துடைச்சு விடறா. நீதான் எளைச்சுட்டே, கழுத்தெலும்பு தெரியுது. கடைசியா போட்டோன்னு மட்டும் காதுல விழுந்துச்சு, என்னைத்தானே எடுக்கப் போறே? அந்தச் சீப்பை எடு, முன்னாடி மட்டும் வாரி விடு.

— இரும்மா. இது என்ன, கட்டிலுக்கு அடியில மோட்டாரு? இந்த நீலக் கலரு... அண்ணி, இது நான் எழுதின...

— அதேதான். பிரிச்சுப் போட்ட அன்னிக்கே அந்த வரிசை ஏறல. திருப்பி அனுப்பிடலாம்னு பெட்டியைக்கூட அப்படியே வச்சிருக்கேன், அலமாரி மேல பாரு. உங்கண்ணன் சொல்லி, நான் சொல்லி, ஊசி போட வந்த நர்ஸ் சொல்லி, ம்ஹூம். பிடிச்சா ஒரே பிடி.

— அம்மா, திரும்பு. முதுகைக் காட்டு.

— அது லேசா எரியுது, வேற ஒண்ணுமில்ல. போட்டோவுல முதுகா தெரியப் போகுது?

— காட்டும்மா!

— அவங்களா திரும்ப மாட்டாங்க. நீ தோளைப் பிடி, நான் இடுப்பைப் பிடிச்சுக்கறேன். மெதுவா. ம்... பார்த்துக்க.

— ஐயோ அண்ணி. தோலே வழண்டிருக்கு.

— நேத்து வரைக்கும் செவந்து மட்டும்தான் இருந்துச்சு.

— ஏம்மா இப்படிப் பண்ணினே? எனக்கு வர்ற அந்தப் பிசாத்துக் காசுக்காகவா இதுல கிடந்தே?

— காசா? இதுல உனக்குக் காசு வேற வருமா? அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே!

— உனக்குத் தெரியாதா? பின்ன எதுக்கு வாங்கினே?

— உங்கண்ணன் நீ எழுதினதைப் படிச்சுக் காட்டினான். எவ்வளவு அழகா எழுதியிருக்கா பாருன்னு அவனுக்கு ஒரே பெருமை. நான்தான் அடம் புடிச்சு அதையே வாங்கிப் போடச் சொன்னேன்.

— இன்னிக்கே இதைத் திருப்பி அனுப்பறேன். நானே பெட்டியில கட்டறேன். பழைய மெத்தை எங்க இருக்கு அண்ணி?

— வேணாம் பாப்பா, விடு. உலகத்துக்கே எழுதிட்டே, 'எங்கம்மாவுக்கு நான் வாங்கிப் போட்டேன்'னு. யாராவது வந்து பார்த்தா என் பொண்ணு பொய் சொன்னான்னு ஆயிடக்கூடாதுல்ல. மெத்தைன்னு எழுதினதை நான் நெசமாக்கிட்டேன். பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறேன்னும் எழுதியிருக்கியே, அதுக்கு என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியலடி.