அடுத்த விரல்

எழுபதுகளில் ஒரு நாள் காலை. மதுரை போகிற பஸ்ஸில் திருச்சுழியில் மூன்று பேர் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு கணவன், மனைவி. ஜன்னலோரம் அவர்களுடைய மகள், மடியில் கைக்குழந்தையோடு.

"மாப்பிள்ளைக்குப் போன தடவ நிச்சயத்துக்கு மோதிரம் வாங்குன கடைக்கே போவோம்" என்றார் அவர். "விரல் அளவு அவுகளுக்குத் தெரியும்."

ஒரே மாப்பிள்ளைக்கு இரண்டு நிச்சயமா? நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அருப்புக்கோட்டையில அந்தக் கடை மட்டும் வேண்டாங்க. நுழைஞ்சதும், மூத்தவளுக்குப் பேறுகாலம் நல்லபடியா ஆச்சான்னு கேப்பாக. நான் என்னத்தச் சொல்ல?"

"சொல்லித்தான ஆகணும். அக்கா பெத்த பிள்ளைய வளக்கச் சின்னவ வாக்கப்படுறா. ஊருல நடக்காததா?"

"அவ செத்து இன்னும் வருசம் திரும்பலங்க."

வெளியே வெறும் கருவேலங்காடு. 

"அப்ப மதுரைக்கே போயிருவோம்" என்றார் அவர். "அங்க நம்மள யாருக்கும் தெரியாது. ஆனா அளவுக்கு என்ன செய்ய?"

அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"மூத்தவ போட்டுவிட்ட மோதிரத்தையே மாப்பிள்ளை அளவுக்குக் கழட்டிக் குடுத்தாக. கழட்ட வரலைன்னு சோப்புப் போட்டாகளாம்."

மகள் மோதிரத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முந்தானையிலேயே திரும்ப முடிந்துவிட்டாள்.

"இத அவுகளையே போட்டுக்கிரச் சொல்லும்மா. அந்த விரலு அக்காவுக்குள்ளது. நான் அவுகளுக்கு அடுத்த விரல்ல போட்டுவிடுறேன்."