முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே

தலைமைக் கதிரையில் தலைநிமிர்ந்து வீற்றிருக்கும் எங்கள் கழகத் தலைவர் குலேந்திரன் அண்ணை அவர்களே! இந்த டென்மார்க் அல்பர்ட்ஸ்லுண்ட் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, உடுப்பும் மாற்றாமல் ஓடிவந்த தாய்மார்களே! வணக்கம்.

பேஸ்போல் நடுவர் ஸ்ரிபனாகிய என்னை, வெற்றிக் கிண்ணம் கொடுக்க அழைத்தீர்கள். கொடுக்குமுன் கொஞ்சம் கதைக்கவேண்டும்.

எது நல்ல பந்து? முழங்காலுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே வருவது! யாருடைய நெஞ்சு? தகப்பனின் நெஞ்சா? தலைவரின் நெஞ்சா? இல்லை ஐயா, இல்லை! மட்டை பிடித்து நிற்கும் பிள்ளையின் நெஞ்சு! பிள்ளை குட்டை என்றால் எல்லையும் குட்டைதான்.

போன ஞாயிறு இறுதியாட்டம். எறிந்தவன் தலைவரின் மகன் நிரோஜன். அடிக்க நின்றவள் பக்கத்து ஊரான இஷொய் அணியின் ஆகச் சின்னப் பிள்ளை, பத்து வயது மிதுஷா. கடைசிப் பந்து. எல்லைக்கு வெளியே போனால் அவள் நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம். உள்ளே வந்து அடிக்காமல் விட்டால் அவளும் அவுட், அணியும் அவுட். பந்து அவள் நெற்றிக்கு நேரே வந்தது. பழகிய பாடத்தை மறவாமல், அசையாமல் விட்டாள்.

வேலியடியில் அண்ணை, கிரிக்கெட் நடுவர்போல ஒற்றை விரலைத் தூக்கினார். "ஸ்ரிபன், குடும் அவுட்!" பின்னால் நாற்பது பேர் கத்தினீர்கள். அங்கே ஆர் தலையைக் குனியிறது? குனியாதேங்கோ, நானல்லோ குடுத்தனான்! நாளைக்கும் அண்ணையின்ர முகத்தில முழிக்கவேணுமே என்று பயந்து அவுட் குடுத்தனான்.

எப்போதும் டெனிஷில் பதில் சொல்லும் பிள்ளை, அன்று தமிழில் கேட்டாள்: "மாமா, அது என்ர நெத்திக்கு நேரை வந்ததெல்லோ?" நான் தொப்பியைச் சரிசெய்தேன். சீ! மறுநாளே அவள் மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

வெள்ளைக்காரன் எங்களுக்கு நியாயம் தரவில்லை என்று எத்தனை மேடையில் முழங்கினோம்! இந்தப் பிள்ளைக்கு அநியாயம் செய்தது ஆர்? எங்கட அண்ணை! எங்கட மாமா!

நிரோஜன், தம்பி, உன்னில் பிழையில்லை. ஆனால் இந்தக் கிண்ணத்தை நான் தரமாட்டேன். முறைக்காதேங்கோ அண்ணை! விரலைத் தூக்கியவரே இதையும் தூக்கிக் கொடுக்கட்டும். நான் இப்ப இஷொய்க்குப் போறன். ஆறு நாளாய்ச் சொல்லாத பதில் ஒன்று இருக்கிறது: "ஓம் பிள்ளை, நெத்திக்கு நேரைதான் வந்தது."

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி. கேட்டும் கேளாததுபோல் எழும்பிப் போகப்போகிறவர்களுக்கும் என் வணக்கம்.