சீட்டில் போட்ட வட்டம்

“ஆளுங்ககிட்ட பேசுவியாம்மா?” என்று டாக்டரம்மா கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

என் கையெழுத்தைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார். ஒரு தாளில் பத்துப் பெயர்களை எழுதச் சொல்லி, “அச்சடிச்ச மாதிரி இருக்கே” என்றார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்ன ஒவ்வொரு முறையும் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தேன். அப்புறம் போகவே இல்லை.

கிளினிக்கின் முன்னறையில் மூன்று பெஞ்சுகள். நுழைந்ததும் வலது பக்கம் என் மேஜை. வருகிறவர்களின் பெயர், வயது, எடை, என்ன உபாதை என்று சீட்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். சீட்டின் கடைசி வரியில், ‘மருந்து ஒவ்வாமை: உண்டு / இல்லை’ என்று அச்சாகியிருக்கும். வந்தவரைக் கேட்டு, அவர் சொல்வதைச் சுற்றி வட்டம் போட வேண்டும்.

“மத்ததுல தப்பு வந்தா நான் பாத்துக்குவேன்” என்று முதல் நாளே டாக்டரம்மா சொன்னார். “இதை மட்டும் ஒவ்வொருத்தர்கிட்டயும் வாயைத் திறந்து கேட்டுடு. இந்த ஒரு வரியை நம்பித்தான் நான் ஊசியைக் கையில எடுக்கறேன்.”

இரண்டு வாரம் கேட்டேன். “எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காதா?” என்ற நான்கு வார்த்தைகளை ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்ல வேண்டும். மருந்து எடுத்துக் கொடுக்கும் கம்பவுண்டர் அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “டாக்டரம்மா, நம்ம ரேடியோவுக்கு பேட்டரி தீந்துபோச்சு, ஒண்ணும் கேக்கல” என்பார். அவர் நல்லவர். எல்லோரையும் அப்படித்தான் சீண்டுவார்.

மூன்றாவது வாரம், காது சரியாகக் கேட்காத ஒரு மேஸ்திரி வந்தார். நான் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறை புரிந்துகொண்டு, “மருந்தெல்லாம் ஒத்துக்கும் தாயி, என் மச்சினன்தான் ஒத்துக்க மாட்டான்” என்றார். மூன்று பெஞ்சும் சிரித்தன. அவர் என்னைக் கேலி செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்று காதெல்லாம் சுட்டது. அடுத்து வந்தவரிடம் நான் கேட்கவில்லை. ‘இல்லை’யைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பினேன். அவர் மாத்திரை வாங்கிக்கொண்டு நடந்து போனார்.

அப்புறம் யாரையும் கேட்கவில்லை. ஏழு மாதத்தில் மூன்று பேர் தாமாகவே சொன்னார்கள். அவர்களுக்கு ‘உண்டு’ என்று போட்டேன். தெரிந்தவர்கள் தாமே சொல்லிவிடுகிறார்கள், தெரியாதவர்களைக் கேட்டு என்ன பயன் என்று எனக்குத் தோன்றியது. கூட்டத்தின் நடுவில் அவசரமாகப் போட்டால் வட்டம் கோணலாகிறது என்று, காலையில் கிளினிக் திறந்ததும் அன்றைய சீட்டுகள் அறுபதிலும் முதலிலேயே போட்டு வைக்க ஆரம்பித்தேன். வேலை சுலபமானது. “இப்பல்லாம் வேகமா அனுப்பறியே” என்று டாக்டரம்மா பாராட்டினார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் தரும் டைரிகளை எனக்குத் தருவார். “எனக்கெதுக்கு இத்தனை? நீதான் என்னமோ எழுதிட்டே இருக்கியே.” என்ன எழுதுகிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இதையும் அப்படி ஒரு டைரியில்தான் எழுதுகிறேன்.

மரக்கடைக்காரரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். தொண்டை வலி, இரண்டு நாளாகக் காய்ச்சல். வயது முப்பத்து நான்கு, எடை ஐம்பத்தெட்டு. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று பார்த்து, என் மேஜைக்காலில் சாய்த்து வைத்தார். நான் எழுதி முடித்ததும், “வேற ஏதாவது சொல்லணுமாம்மா?” என்று அவராகவே கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“நீயும் என்னை மாதிரிதான், பேச்சு கம்மி” என்று சிரித்துவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

உள்ளே போன சிறிது நேரத்தில் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா கம்பவுண்டர் அண்ணனைக் கூப்பிட்டார். நான் கதவருகே போய் நின்றேன். டாக்டரம்மா தரையில் மண்டியிட்டு அந்த அம்மாவின் மார்பை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். எண்ணிக்கொண்டே அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை எண்ணிக்கை நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மதியத்துக்குள் உயிர் போய்விட்டது.

மரக்கடைக்காரர் மறுநாள் வந்தார். கத்தவில்லை. “பெனிசிலின் ஆகாதுன்னு அவளுக்குச் சின்ன வயசுலயே தெரியும் டாக்டர். எங்க போனாலும் கேப்பாங்க, சொல்லிடுவா. இங்க யாரும் கேக்கலையா?”

டாக்டரம்மா அந்தச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “கேட்டியாம்மா?”

தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அவர் என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. என்னை அவ்வளவு நம்பினார்.

புகார் மருத்துவக் கவுன்சிலுக்குப் போனது. டாக்டரம்மா விளக்கம் எழுதி அனுப்பினார். நகல் எடுத்தது நான்தான். ‘சீட்டில் ஒவ்வாமை இல்லை என்று குறிக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஊசி போடுமுன் நானும் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தவறு’ என்று இருந்தது. கம்பவுண்டர் அண்ணன் அதைப் படித்துவிட்டு, “இப்படி ஒத்துக்கிட்டா கண்டிச்சு ஒரு கடுதாசி குடுப்பாங்க. மிஞ்சிப்போனா ஆறு மாசம் தடை. சீட்டுதான் கையில இருக்கே” என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பிறகு சாட்சியாக என்னையும் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். நடந்தது என்ன என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து ஊகித்திருப்பாள்.

“எதையும் ஒத்துக்காதடி. அவங்க படிச்சவங்க, விழுந்தாலும் எழுந்துருவாங்க. நீ விழுந்தா உன்னை யாரு தூக்குவா?”

விசாரணை அறையில் நீளமான மேஜை. அந்தப் பக்கம் ஐந்து டாக்டர்கள். நடுவில் இருந்த தலைவர் வயதானவர், மென்மையாகப் பேசினார். ஓரத்தில் மரக்கடைக்காரர். எதிரே டாக்டரம்மா, வழக்கம்போலக் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்திருந்தார். தலைவர் அந்தச் சீட்டை என் பக்கம் நகர்த்தினார். வட்டம் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

“இந்த வட்டம் நீ போட்டதா, பாப்பா?”

“ஆமா சார்.”

“அவங்க ‘இல்லை’ன்னு சொன்னாங்களா?”

மரக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால், செத்துப்போனவர் பொய் சொன்னதாக ஆகும். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவு கல்நெஞ்சம் எனக்கில்லை. கேட்கவே இல்லை என்று சொல்லலாம்தான். அது வாய்வரை வந்தது. ஏன் கேட்கவில்லை என்று அடுத்து கேட்பார்கள். அதற்கு அந்த ஐந்து பேர் முன்னால், கூச்சமாக இருந்தது என்று சொல்ல வேண்டும்.

“அப்ப சீட்டுல வட்டம் இல்ல சார்” என்றேன். “ஊசி போட்டப்புறம், டாக்டரம்மாதான் போடச் சொன்னாங்க.”

என் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் நான் இடறாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

டாக்டரம்மா மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று தலைவர் அவரிடம் கேட்டார்.

“நான் அப்படிச் சொல்லல சார்” என்றார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “ஆனா அவளைத் துருவ வேண்டாம். பயந்துபோயிருக்கா, சின்னப் பொண்ணு.”

நான் வெளியே வரும்போது உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “இவ்வளவு கூச்சப்படற பொண்ணு, இப்படிச் சொல்லவே எவ்வளவு பாடுபட்டிருக்கும்” என்றது காதில் விழுந்தது.

ஐந்து வாரம் கழித்து ஆணை வந்தது. கவனக்குறைவு மட்டும் என்றால் கண்டனத்தோடு விட்டிருக்கலாம் என்றும், நோயாளி இறந்தபின் ஆவணத்தைத் திருத்தியதும் அதற்கு ஓர் ஏழை ஊழியரைப் பயன்படுத்தியதும் மருத்துவத் தொழிலுக்கே இழுக்கு என்றும் எழுதியிருந்தது. பதிவேட்டிலிருந்து டாக்டரம்மாவின் பெயர் நீக்கப்பட்டது. இருபத்தாறு வருஷம் அந்தத் தெருவில் வைத்தியம் பார்த்தவர், இனி ஒரு காய்ச்சல் மாத்திரைகூட எழுதித் தரக்கூடாது. ஆணையை எங்களுக்கு வாசித்துக் காட்டிய கம்பவுண்டர் அண்ணன் அன்றிலிருந்து என்னை ரேடியோ என்று கூப்பிடுவதில்லை. எப்படியும் கூப்பிடுவதில்லை.

மேல்முறையீடு செய்ய அறுபது நாள் அவகாசம் என்று ஆணையின் கடைசியில் இருந்தது. ஐம்பத்திரண்டாம் நாள், டாக்டரம்மா கிளினிக்கைக் காலி செய்ய வந்தார். நான் முன்பே போய்த் திறந்து வைத்திருந்தேன். அவர் பதிவுச் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி, கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்ப உறையில் போட்டார். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினார். நான் என் மேஜையருகே நின்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மிஞ்சிய நாற்பத்தொரு சீட்டுகள் என் பைக்குள் இருந்தன. ஆம்புலன்ஸ் போன கையோடு கட்டிலிருந்து கிழித்து எடுத்தவை. பெயர் இல்லை, வயது இல்லை, எல்லாவற்றிலும் வட்டம் மட்டும் இருக்கிறது. கவுன்சிலுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் கொண்டுபோனேன். ‘கேட்டியாம்மா?’ என்று அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் கட்டாயம் கொடுத்திருப்பேன். நானாக எடுத்து நீட்டுவது என் சுபாவம் இல்லை. அது அவருக்கும் தெரியும். அவர்தான் கேட்டிருக்க வேண்டும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், என் மேஜை முன்னால் நின்றார். நான் பையின் ஜிப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். பெட்டியை இடுப்பில் சரியாக இருத்திக்கொண்டு படியிறங்கிப் போனார்.