ரசத்தில் மிதந்த ஃபியூஸ்

என் அம்மா வைக்கும் ரசத்தில் நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். அன்று அதில் சிவப்பாக மிதந்தது மிளகாய் இல்லை என்பதற்கும் அவள் பொறுப்பல்ல. கண்ணாடி போடாமல் தாளித்தாள், அவ்வளவுதான். அதை மிளகாய் டப்பாவுக்குள் போட்டு வைத்தவள் நான்.

யாரும் என்னை மிரட்டவில்லை. கேட்டார்கள், சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். என் இடத்தில் இருந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

கல்யாணமாகி எனக்கு அது முதல் ஆடி. முறைப்படி என்னையும் என் கணவர் ரஞ்சித்குமாரையும் பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் அப்பா வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தார்கள். விருந்து முடிந்ததும் மாப்பிள்ளை காரிமங்கலத்துக்குத் திரும்பிவிட வேண்டும். பெண் மட்டும் மாதம் முழுக்க அம்மா வீட்டில் இருக்க வேண்டும். ஆடியில் சேர்ந்திருந்தால் கொளுத்தும் சித்திரையில் பிரசவமாகும் என்று பெரியவர்களுக்கு ஒரு கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. அவரைப் பிரிந்து எப்படி இருப்பது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆடி முதல் நாள் வழக்கப்படி தெருவெல்லாம் நெருப்பில் தேங்காய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியேட்டர் வைத்த எங்கள் பைக்கும் முன்பக்கம் ஆவி பறக்க வந்து நின்றது.

"மாப்பிள்ள வண்டியிலயே தேங்கா சுட்டுக்கிட்டு வந்துட்டாருங்களா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சசிகலா அக்கா. தெருவே சிரித்தது.

அந்தச் சூட்டில் எனக்குப் பங்கில்லை. அது தானாக வந்தது. அவர் மெக்கானிக்கைத் தேடிக் கிளம்பினார். நான் கைப்பேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இருங்க என்றேன். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர் சரியாக இருந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து நிற்க விட்டேன். சூடு ஏறியது, சிவப்பு விளக்கு எரிந்தது, ஆனால் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறி சுற்றவில்லை. அதன் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே இருந்த கம்பி அறுந்திருந்தது. ஹாரனுக்கும் அதே அளவு சிவப்பு ஃபியூஸ்தான். அதை எடுத்து இதில் செருகினேன்.

விசிறி விர்ரென்று சுற்றியது. வயிற்றில் யாரோ கிச்சுகிச்சு மூட்டியதுபோல் இருந்தது எனக்கு.

"ஏ தேவி, நீ பலே ஆளா இருக்கியே" என்று அவர் சிரித்தார். அந்தக் கிச்சுகிச்சு அவர் சிரிப்பால் வந்தது என்று உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பை மாதம் முழுக்க யாரால் விட்டுக்கொடுக்க முடியும்.

மறுநாள் அவர் கிளம்பும் முன், அவர் கடையில் வாங்கி வந்து மாட்டியிருந்த புது ஃபியூஸை எடுத்துவிட்டு அறுந்துபோன பழையதைச் செருகினேன். நல்லதை மிளகாய் டப்பாவில் போட்டேன். எங்கள் வீட்டில் ஒருவரை வழியனுப்புவது லேசான வேலை இல்லை. அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து உட்கார்ந்தபடியே இருக்க, அம்மா தேங்காய் கட்டினாள். அப்பா கடலைக்காய் மூட்டையைக் கட்டினார். சசிகலா அக்கா ஊறுகாயோடு வந்தாள். கட்டி முடிப்பதற்குள் வண்டி கொதித்துவிட்டது. நான் இதை எதிர்பார்த்தேன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்றால் விசிறியில்தான் கோளாறு என்று சொல்லி, அதைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அவருக்கு அப்படி ஒரு பெருமை. என் தலைமுடியில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் கையாலேயே துடைத்துவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆகவே அடுத்த முறை செம்மண்ணைக் குழைத்து ரேடியேட்டர் இடுக்குகளில் பூசினேன். அதற்கடுத்த முறை கூலன்ட்டை வடித்துவிட்டேன். பச்சை நிறத்தில் தித்திப்பாக இருக்குமாம், கோழி குடித்தால் செத்துவிடுமாம். அதனால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். எனக்கும் மனசாட்சி உண்டு.

வீட்டில் வேறு சில சிரமங்கள் இருந்தன. மாப்பிள்ளை வீட்டிலேயே தங்கிவிட்டதால் அம்மா சித்திரையை நினைத்துப் பயந்துபோய் என் அறை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள். அப்பா வண்டியைத் தள்ளித் தள்ளி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இனியும் லீவு எடுத்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் போகலாமே என்றார் அப்பா. வண்டியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டே. எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள்.

ஆடி வெள்ளியன்று எல்லோரும் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போனார்கள். தலைவலி என்று நான் மட்டும் வீட்டில் இருந்தேன். கூலன்ட் இல்லாத வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெளியே கழற்றக்கூடியது எல்லாவற்றையும் நான் கழற்றி மாட்டியாகிவிட்டது. பிஸ்டனை மட்டும் பார்த்ததில்லை. இன்ஜின் கடகடவென்று சத்தம் போட்டு, கருகிய வாடையோடு தானாக நின்றது. அதுவரை கையை எடுக்கவில்லை. கோயிலிலிருந்து உடுக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அது அவர் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய வண்டி. அதன்மேல் கை வைத்துக்கொண்டு அழுதார். நானும் கூடவே அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்ஜினைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று சொன்னேன்.

மகனைக் காணோமே என்று என் மாமியார் சின்னம்மாள் பஸ் ஏறி வந்தது அதற்கடுத்த நாள். சம்பந்தி வந்த பரபரப்பில் அம்மா டப்பாவைக் கவிழ்த்துக் கையில் வந்ததை எண்ணெயில் போட்டாள். சாப்பிடும்போது என் கணவர் இலையிலிருந்து அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரம் கொஞ்சம் உருகியிருந்தது. மற்றபடி நல்ல ஃபியூஸ்.

"தேவி, இது நம்ம வண்டியுதுதானே?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவரைப் பிரிய மனமில்லாமல் செய்தேன் என்றேன். செம்மண், கூலன்ட், வெள்ளிக்கிழமை, ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். மாமியார் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எம் மவன் மேல இவ்வளவு ஆசையா? ஆடியாவது ஒண்ணாவது, போதுங்க சம்பந்தி. வேல போயிடும். ரெண்டு பேரும் இப்பவே பஸ் ஏறி வூட்டுக்குக் கிளம்பட்டும். அந்தப் பாழாப்போன வண்டிய ஆள் வுட்டுத் தூக்கிக்கலாம்."

என் கணவரின் முகம் பூவாக மலர்ந்தது. வண்டியைக் கெடுத்ததைக்கூட மன்னித்துவிட்டார். ஓடிப்போய் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன். இன்ஜினின் தலைப்பகுதியில் பாதி போல்ட்தான் கழற்றியிருந்தேன்.

"முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா அத்த" என்றேன். "ஆடி முடியட்டும். இவரு மட்டும் கிளம்பட்டுங்க. வண்டி இங்கயே இருக்கட்டும்."

பெரியவர்கள் வகுத்ததை நான் எப்படி மீறுவேன். அம்மாவுக்குக்கூட அன்று என்னைப் பார்த்துப் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

பஸ் நிறுத்தம்வரை போய் வழியனுப்பினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டு போனார். பிரிவைத் தாங்க முடியாமல், பஸ் திரும்பி மறையும்வரை நானும் கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே இருந்தேன். அந்தக் கையில் ஸ்பேனர் இருந்ததைச் சசிகலா அக்கா சொல்லித்தான் கவனித்தேன்.